பெயர் ஒன்று, ஆள் இரண்டு: ஷெல்செக் எங்கள் தொழிற்சாலைக்கு வந்த கதை

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணினி வேலை பார்க்கிறேன். தொழிற்சாலைக்குச் சொந்தத் தோட்டம் கிடையாது. சுற்றியுள்ள ஹட்டிகளில் (மலைக் கிராமங்களில்) அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் பறித்துத் தரும் பச்சை இலையை வாங்கித்தான் தூள் ஆக்குகிறோம். இலை எடை போடும் இடங்கள் போன வாரம் வரை மொத்தம் ஒன்பது. ஒவ்வொரு இடத்திலிருந்தும் சாயங்காலம் ஒரு எடைக் கோப்பு வரும். இரவு பத்து மணிக்கு ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் (கணினிக்கான கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) தானாக ஓடி, ஒன்பதையும் சேர்த்து, யாருக்கு எத்தனை கிலோ என்ற பட்டியலைக் காலையில் கணக்கர் மேசைக்குத் தயாராக வைத்துவிடும். ஸ்கிரிப்ட் நான் எழுதியது.

ஐப்பசி மழையில் ஒருமுறை அந்தப் பட்டியல் நான்கு நாள் தப்பாக வந்தது. இலை வரத்து குறைந்தது போலத் தெரிந்தது, மழை என்பதால் எல்லோரும் அதை நம்பினோம். ஐந்தாம் நாள் காலை ஒரு விவசாயி அக்கா கையில் சீட்டோடு வந்து நின்றார். செவ்வாய்க்கிழமை 62 கிலோ கொடுத்திருக்கிறார், எங்கள் கணக்கில் அவர் பெயரே இல்லை. கணக்கர் சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டையைப் புரட்டிப் பார்த்தார், 62 சரிதான். அவர் மட்டுமல்ல, புதிதாகச் சேர்த்த மூன்று எடை மையங்களில் இலை போட்ட ஒருவர் பெயர்கூட நான்கு நாளாக ஏறவில்லை. அடிக்கட்டைகளை வைத்து எல்லாக் கணக்கையும் சரிசெய்து முடிக்க இரண்டு பகல் ஆனது. மாதக் கடைசியில் இலைப் பணம் பட்டுவாடா ஆவதற்குள் தெரிந்ததே, அதுதான் பெரிய நிம்மதி.

என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்கிரிப்ட்டில் பிழை தேடித் தரும் ஷெல்செக் என்ற கருவியை நான் மெச்சுவதற்கு அதுதான் காரணம்.

புதிய மூன்று மையங்களுக்காக ஸ்கிரிப்ட்டின் கீழே ஒரு பகுதி சேர்த்தேன். அந்தக் கோப்புகள் கிடக்கும் அடைவின் (ஃபோல்டரின்) முகவரியை ஒரு மாறியில், அதாவது ஒரு மதிப்பைச் சேமித்து வைக்கும் பெயரில், வைத்தேன். முகவரி என்பதால் அந்த மாறிக்குப் பாத் (PATH) என்று பெயர் வைத்தேன், நான்கும் பெரிய எழுத்தில். அந்தப் பெயர் ஏற்கெனவே ஷெல்லின் சொத்து (ஷெல் என்பது நாம் தரும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல், பாஷ் அதில் ஒரு வகை). ஒரு கட்டளையை அடித்தால் அந்த நிரலை எந்தெந்த அடைவுகளில் தேட வேண்டும் என்ற பட்டியல் அதில்தான் இருக்கிறது. அதன் மேல் என் அடைவை எழுதிவிட்டதால், அந்த வரிக்குப் பிறகு ஷெல்லுக்கு வரிசைப்படுத்தும் சார்ட் எங்கே, வரிகளிலிருந்து வேண்டியதைப் பிரித்தெடுக்கும் ஆக் எங்கே, காப்பி செய்யும் சிபி எங்கே என்று எதுவும் தெரியவில்லை.

அப்படியானால் ஸ்கிரிப்ட் அலறியிருக்க வேண்டுமே என்று தோன்றும். அலறவில்லை. எக்கோ, சிடி போன்றவை ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் உள்கட்டளைகள், அவற்றுக்குத் தேடல் பட்டியல் தேவையில்லை. ஆகவே ‘தொடங்கியது’, ‘முடிந்தது’ என்ற இரண்டு வரிகளும் ஒழுங்காகப் பதிவாகியிருந்தன. சார்ட் ஓடவில்லை, ஆனால் அதன் விளைவை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டிருந்தேன். கட்டளை கிடைக்காவிட்டாலும் அந்தக் கோப்பைப் பாஷ் முதலில் திறந்துவிடும். அன்றைய தேதி போட்ட கோப்பு அங்கே இருந்தது, அளவு சுழி பைட். கடைசிக் கூட்டல் பாஷின் சொந்தக் கணக்கு. வெறுமையாக வந்த மாறியை அது சுழி என்று எடுத்துக்கொண்டு, பழைய ஆறு மையங்களின் தொகையை மட்டும் கூட்டி, நம்பும்படி ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டது. ‘கட்டளை இல்லை’ என்ற பிழைகள் எல்லாம் தனிப் பதிவுக் கோப்பில் இருந்தன. நான் அதைத் திறந்து பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே ஷெல்செக்கை நிறுவி அந்த ஸ்கிரிப்ட்டைக் கொடுத்தேன். சரியாக அந்த வரியை எடுத்துப் போட்டு, அடியில் ஒரு சிறிய மேல்நோக்கிய குறி, பக்கத்தில் எஸ்சி2123 என்ற எண். இது ஷெல்லின் தேடல் பாதை, வேறு பெயர் வையுங்கள் என்று சொல்லியிருந்தது. இரண்டு பகல் அடிக்கட்டை புரட்டிய எனக்கு அந்த ஒரு வரியைப் படித்தபோது தொண்டை அடைத்தது.

கருவியைப் பற்றி: விடார் ஹோலன் என்பவர் எழுதியது, 2012 முதல் இருக்கிறது. ஹாஸ்கெல் மொழியில் எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது. உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் வகைகளை வைத்திருப்பவர்கள், மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்ட் வழியாக ஒரே வரியில் நிறுவிக்கொள்ளலாம். இணையப் பக்கத்தில் ஸ்கிரிப்ட்டை ஒட்டிப் பார்க்கும் வசதியும் உண்டு, ஆனால் நான் கணினியில் நிறுவியதைத்தான் சொல்வேன். மரம் விழுந்து கேபிள் போனால் இங்கே அரை நாள் இணையம் இருக்காது, நிறுவிய கருவிக்கு அந்தக் கவலை இல்லை. இன்னொன்று, விவசாயிகளின் கணக்கைத் தொடும் ஸ்கிரிப்ட்டை வெளியே எங்கும் அனுப்ப எனக்கு மனம் வராது. இது ஸ்கிரிப்ட்டை ஓட்டாது, படிக்க மட்டும் செய்யும். அதனால் பயமில்லாமல் எதையும் கொடுத்துப் பார்க்கலாம்.

பெயர்க் குழப்பம் ஏன் வருகிறது என்பதை எங்களிடம் வேலை பழக வந்திருக்கும் தம்பிக்கு எங்கள் ஏட்டை வைத்தே சொன்னேன். லட்சுமி என்ற பெயரில் ஏட்டில் ஏழு பேர் இருக்கிறார்கள். எடை போடுபவர் வெறுமனே லட்சுமி என்று எழுத மாட்டார், ஹட்டியின் பெயரை முன்னால் போடுவார். ஷெல்லிலும் அதே கதைதான். தேதியைக் காட்டும் டேட் (date) என்ற பெயரில் ஒரு கட்டளை இருக்கலாம், அதே பெயரில் ஒரு மாறியும் இருக்கலாம், இரண்டும் ஒன்றையொன்று அழிக்காது. தனித்தனி அறையில் குடியிருக்கின்றன. எந்த அறையின் கதவைத் தட்டுகிறோம் என்பதை டாலர் குறிதான் சொல்கிறது. குறி இருந்தால் மாறியின் மதிப்பு. குறி இல்லாமல் வரியின் முதல் சொல்லாக நின்றால் அது கட்டளை. குறி இல்லாமல் நடுவில் நின்றால் வெறும் எழுத்து.

“அக்கா, அப்படின்னா சமக்குறி போடும்போது மட்டும் ஏன் டாலர் வேண்டாம்?” என்று கேட்டான். நல்ல கேள்வி. பெயரும் சமக்குறியும் ஒட்டி நின்றால்தான் ஷெல் அதை மாறிக்கு மதிப்பு கொடுப்பதாக எடுத்துக்கொள்ளும். 1979-இல் ஸ்டீபன் பார்னின் ஷெல் யுனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்போடு வந்தது, அந்த வழக்கம் அப்போதிருந்தே வருகிறது. இடையில் ஒரு இடைவெளி விட்டால் கதை மாறிவிடும். எடை = 50 என்று பிரித்து எழுதினால், எடை என்றொரு கட்டளையை ஓட்டு, அதற்கு சமக்குறியையும் 50-ஐயும் கொடு என்று அர்த்தம். அப்படி ஒரு கட்டளை இல்லை என்ற பதில்தான் வரும். (இங்கே தமிழில் எழுதிக் காட்டுகிறேன். பாஷில் மாறியின் பெயர் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான். தமிழ் எழுத்தில் பெயரை எழுதி ஒட்டிச் சமக்குறி போட்டாலும், முழுவதையும் ஒரு கட்டளை என்றே எடுத்துக்கொள்ளும்.) வேறு மொழியில் பழகி வருபவர்கள் முதல் வாரம் முழுக்க இந்த இடைவெளியில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஷெல்செக் இதை உடனே பிடிக்கும். சமக்குறியின் இடப்பக்கம் டாலர் போட்டாலும் பிடிக்கும்.

அதைவிட எனக்குப் பிடித்தது எஸ்சி2209. தம்பி ஒரு நாள், நாள்=டேட் என்று எழுதியிருந்தான். இன்றைய தேதி மாறிக்குள் வரும் என்பது அவன் எண்ணம். வந்தது டேட் என்ற நான்கு எழுத்துகள்தான். பட்டியலின் தலைப்பில் தேதி இருக்க வேண்டிய இடத்தில் அந்தச் சொல்லே அச்சாகியிருந்தது. இலக்கணப்படி அந்த வரியில் தவறே இல்லை. பாஷைக் கேட்டால் சரி என்றுதான் சொல்லும், இலக்கணத்தை மட்டும் சோதிக்கும் அதன் ‘-n’ என்ற தேர்வை (ஆப்ஷனை) போட்டாலும் சரி என்றுதான் சொல்லும். ஷெல்செக்குக்குப் பொதுவான கட்டளைகளின் பெயர்கள் தெரியும். ஆகவே, நீங்கள் எழுதியிருப்பது கட்டளையின் பெயர் மாதிரி இருக்கிறதே, அதன் விளைவு வேண்டுமென்றால் டாலரும் அடைப்புக்குறியும் போட்டுச் சுற்றுங்கள், வெறும் சொல்தான் வேண்டுமென்றால் மேற்கோளில் போடுங்கள் என்று கேட்கிறது. எழுதியவரின் மனதில் இருந்ததை யோசித்துக் கேட்கும் கேள்வி அது.

அதே வரியில் டேட் கட்டளைக்கு ஒரு தேர்வையும் சேர்த்து, இடைவெளி விட்டு கழித்தல் குறி போட்டு எழுதினால் இன்னும் விபரீதம். நாள் என்ற மாறியைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டு, அந்தக் கழித்தல் குறிச் சொல்லையே ஒரு கட்டளையாக ஓட்டப் பார்க்கும் ஷெல். திரையில் வரும் பிழையைப் படித்தால் எங்கே தப்பு என்று ஒன்றும் புரியாது. ஷெல்செக் அதற்கும் தனி எண் வைத்திருக்கிறது, எஸ்சி2037. ஒவ்வொரு எண்ணுக்கும் விளக்கப் பக்கம் உண்டு, தவறான வரியும் திருத்திய வரியும் மேலும் கீழுமாக இருக்கும். பாடப் புத்தகத்தைவிட எனக்கு அவை உதவின.

இனி அது எங்கே கைகொடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். நம்பி ஏமாறக் கூடாது.

எடை இயந்திரத்தை எத்தனை நொடிக்கு ஒருமுறை கேட்க வேண்டும் என்ற எண்ணை வைக்க, தம்பி ஒரு மாறிக்கு செகண்ட்ஸ் என்று பெரிய எழுத்தில் பெயர் வைத்து 30 கொடுத்தான். ஒவ்வொரு முறையும் அத்தனை நொடி தூங்கி எழ வேண்டும். முதல் முறை 30 நொடி. அடுத்தது 60. அப்புறம் 120, 240. ஒரு மணி நேரத்துக்குள் இடைவெளி அரை மணியைத் தாண்டிவிட்டது. எடை மையத்தில் சாக்குகள் வரிசையில் நிற்கின்றன, திரையில் எண் மாறவே இல்லை. காரணம், பாஷில் அந்தப் பெயர் ஒரு கடிகாரம். நாம் ஒரு எண்ணைக் கொடுத்தால் அதிலிருந்து நொடிக்கு ஒன்றாகக் கூடிக்கொண்டே போகும். 30 நொடி தூங்கி எழுந்தால் அது 60 ஆகியிருக்கும். ஷெல்செக் அந்த வரியைப் பார்த்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பாத் என்ற பெயருக்குச் செய்த காவலை இதற்குச் செய்யவில்லை.

பெரிய எழுத்துப் பெயர்களில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. மதிப்பே கொடுக்காத ஒரு மாறியை எங்காவது பயன்படுத்தினால் ஷெல்செக் எச்சரிக்கும், எஸ்சி2154. ஆனால் பெயர் முழுதும் பெரிய எழுத்தில் இருந்தால் அது வெளியிலிருந்து வரும் சூழல் மாறியாக இருக்கலாம் என்று எண்ணி விட்டுவிடும். அந்த எண்ணம் நியாயமானதுதான். யுனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான பொதுத் தரமான பாசிக்ஸே பெரிய எழுத்துப் பெயர்களை அமைப்பின் கருவிகளுக்கு ஒதுக்கி, சிறிய எழுத்துள்ள பெயர்களை நம்மைப் போன்றவர்களின் நிரல்களுக்கு விட்டிருக்கிறது. ஆகவே சிறிய எழுத்தில் பெயர் வைத்தால் இரண்டு லாபம்: ஷெல்லின் சொத்தைத் தொட மாட்டோம், ஷெல்செக்கின் கண்ணும் முழுதாகத் திறந்திருக்கும். இதைப் புரிந்துகொண்ட அன்று ஒரு மத்தியானம் உட்கார்ந்து பழைய ஸ்கிரிப்ட் எல்லாவற்றிலும் பெயர்களைச் சிறிய எழுத்துக்கு மாற்றினேன். மாற்றி முடித்ததும் இதுவரை மறைந்திருந்த இரண்டு எழுத்துப் பிழைகள் எஸ்சி2154 ஆக வெளியே வந்தன.

அத்தோடு ஒரு வழக்கமும் வைத்தோம். மாறிகளின் பெயர் எல்லாம் தமிழ்ச் சொற்கள், ஆங்கில எழுத்தில்: இலை_எடை, ஈரக்_கழிவு, மைய_அடைவு, கேட்கும்_இடைவெளி. இலை என்றோ கழிவு என்றோ நான் பார்த்த எந்த லினக்ஸிலும் கட்டளை கிடையாது, ஷெல்லும் அப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டிருக்காது. படிக்கும்போதே தமிழ்ச் சொல் என்றால் நம்முடையது, ஆங்கிலச் சொல் என்றால் அமைப்பினுடையது என்று கண் பிரித்துவிடுகிறது. இது ஹட்டிப் பெயரை முன்னால் போடுவது மாதிரிதான். தமிழில் ஸ்கிரிப்ட் எழுதப் பழகுபவர்கள் எல்லோரும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

ஸ்கிரிப்ட்டுக்கே வைக்கும் பெயரையும் ஷெல்செக் பார்த்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. அது உள்ளே இருக்கும் வரிகளைப் படிக்கும் கருவி. சோதனைக்கு என்று டெஸ்ட் என்ற பெயரில் ஒரு கோப்பை எழுதி, அந்தப் பெயரை மட்டும் அடித்து ஓட்டினால், ஓடுவது ஷெல்லின் உள்கட்டளையான டெஸ்ட். எதுவும் அச்சாகாது, பிழையும் வராது, சும்மா அடுத்த வரிக்கு வந்து நிற்கும். என்னுடைய ஸ்கிரிப்ட் ஓடவே இல்லை என்று தெரிய ஒரு காலைப்பொழுது ஆனது. இப்போது புதிதாக எந்தப் பெயர் வைத்தாலும், ஸ்கிரிப்ட்டோ ஃபங்ஷனோ, முதலில் டைப் கட்டளையை ‘-a’ என்ற தேர்வோடு போட்டு அந்தப் பெயர் காலியா என்று பார்த்துவிடுகிறேன். டெஸ்ட்டுக்குப் போட்டால் உள்கட்டளை ஒன்று, கோப்பாக ஒன்று என்று இரண்டையும் வரிசையாகக் காட்டும். ஒரு நொடி வேலை.

குன்னூரில் ஆப்பிள் கணினி வைத்திருக்கும் ஒரு தோழிக்கு இதை எல்லாம் சொன்னபோது, சிறிய எழுத்தில் எழுதினால் போதும் என்று சொல்லிவிட்டேன். அது தப்பான அறிவுரை. 2019-இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து அந்தக் கணினிகளில் முதன்மை ஷெல் இசட்ஷெல். அதில் பாத் என்று சிறிய எழுத்தில் எழுதினாலும் அதே தேடல் பட்டியலோடுதான் கட்டிப்போட்டிருக்கும். அவர் சிறிய எழுத்தில் எழுதி, அடுத்த வரியிலேயே எல்லாக் கட்டளையும் காணாமல் போய்விட்டது. ஷெல்செக்கைக் கேட்டால் இசட்ஷெல் ஸ்கிரிப்ட்டைப் படிக்க மாட்டேன், மன்னிக்கவும் என்கிறது. எஸ்ஹெச், பாஷ், டேஷ், கேஎஸ்ஹெச் வகைகளுக்குத்தான் அது. ஆகவே இசட்ஷெல்காரர்களுக்கு நான் சொல்வது, ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் பாஷ் என்று குறிப்பிட்டு பாஷிலேயே எழுதுங்கள்.

சில நேரம் தேவையில்லாமலும் எச்சரிக்கும். ஒரு கோப்பில் மதிப்பு கொடுத்து வேறொரு கோப்பில் பயன்படுத்தும் மாறியை, பயன்படாதது என்று எஸ்சி2034 சொல்லும். அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு எழுதி அந்த எண்ணை மட்டும் அணைத்துவிடலாம். நான் அணைக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஏன் அணைத்தேன் என்று பக்கத்திலேயே எழுதிவைக்கிறேன். எல்லாவற்றையும் மொத்தமாக அணைப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும், ஏனென்றால் 62 கிலோ அப்படித்தான் காணாமல் போகும்.

எனக்கு உண்மையான குறை என்றால் ஒன்றுதான். செய்திகள் எல்லாம் ஆங்கிலத்தில். எங்கள் தம்பி கோத்தகிரியில் தமிழ் வழியில் படித்தவன், கணக்கில் கெட்டிக்காரன். சிவப்பில் ஆங்கில வரி வந்ததும் கை நின்றுவிடுகிறது. அதனால் அடிக்கடி வரும் எண்களுக்குத் தமிழில் விளக்கம் எழுதி ஒரு நோட்டில் வைத்திருக்கிறேன், இடப்பக்கம் தவறான வரி, வலப்பக்கம் சரியான வரி. பதின்மூன்று எண்கள் எழுதியாயிற்று. நோட்டு இப்போது எடை மேசையில் சீட்டுப் புத்தகத்தின் பக்கத்தில் இருக்கிறது. போன வாரம் பத்தாவது மையத்துக்கான பகுதியைத் தம்பியே எழுதினான். ஷெல்செக் இரண்டு இடத்தில் குறி காட்டியது, இரண்டுக்கும் நோட்டைப் புரட்டி அவனே திருத்தினான். மறுநாள் காலை பட்டியலில் பத்தாவது மையத்தின் பெயர்களைக் கணக்கரும் அவனும் அடிக்கட்டையோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.